மருந்துப் பம்பும் தாய்ப்பாலும்

ஐம்பதுகளில் ஹட்டனில் ஒரு வக்கீலிடம் கிளார்க்காக இருந்தேன். சேர்ந்த வாரமே வந்து விழுந்த வழக்கு இது.

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றில் முனியாண்டி தேயிலைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். முதுகில் மாட்டிய புதுப் பம்பின் குழாய் வெடித்து, மருந்து வலது கண்ணில் பீறிட்டது. கண் போய்விட்டது. பம்பை விற்ற கொழும்புக் கம்பெனிமேல் வழக்குப் போட்டோம்.

குழாய் வெடித்ததைக் கம்பெனி மறுக்கவில்லை. கண் போனது அதனால் அல்ல, அவர் மனைவி பாக்கியம் அன்று எரிச்சல் தணியக் கண்ணில் விட்ட தாய்ப்பாலால் என்றது. பாலில் கிருமி வளர்ந்து கண் அழுகியதாம். அதைச் சொல்லக் கோட்டுப் போட்ட டாக்டர் ஒருவர் வேறு. பதிலுக்கு நிறுத்த எங்களிடம் டாக்டர் இல்லை.

இந்தச் செய்தி தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கும் போய்ச் சேர்ந்தது. புருஷன் கண்ணைக் கெடுத்தவள் என்று பாக்கியத்தின் காதுபடவே பேசினார்கள். மாமியாரும் சேர்ந்துகொண்டாள். வெடித்த குழாயைப் பற்றி ஒரு நாயும் பேசவில்லை.

என் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று பாக்கியத்துக்குப் படித்துப் படித்துச் சொன்னார். யாரிடம் சொன்னார்!

கம்பெனி வக்கீல் ஆங்கிலத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "கண்ணில் பால் ஊற்றினது உண்மைதானே?"

"ஊத்துனேங்க. ரெண்டு கண்ணுலயுந்தான் ஊத்துனேன்."

"காயம் ஒரு கண்ணில்தானே?"

"ஒத்தக் கண்ணுல ஊத்துற வழக்கம் எங்கள்ல கெடையாதுங்க. ஒன்னுக்கு ஊட்டிட்டு இன்னொன்னப் பட்டினி போடுவாங்களா?"

கோர்ட்டே சிரித்தது. என் முதலாளி சிரிக்கவில்லை. முனியாண்டியைக் கூண்டில் ஏற்றி, வலது கண்ணைப் பொத்தச் சொல்லி, கம்பெனி வக்கீலைக் காட்டினார். "அந்த ஐயாவில என்ன தெரியுது எண்டு சொல்லு."

"கோட்டுல மூனாவது பொத்தான் இல்லீங்க."

வக்கீலின் கை தானாகக் கோட்டைத் தடவியது.

பிறகு கம்பெனி டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்தார். ஒரே பால், ஒரே ஆள். பால்தான் கெடுத்தது என்றால் இடது கண் ஏன் கெடவில்லை என்று கேட்டார். டாக்டர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கடைசியில் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது.

பாக்கியம் என்னை விடவில்லை. "லயத்துல வந்து சத்தமாச் சொல்லிட்டுப் போங்கய்யா" என்றாள். போய், லயத்து வாசலில் நின்று, கண்ணைக் கெடுத்தது கம்பெனிக் குழாய்தான் என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சட்டம் படிக்கும் தம்பிகளே, இன்னதால்தான் கெட்டது என்று எவனாவது சாதித்தால் கெட்டதையே முறைத்துக்கொண்டிருக்காதீர்கள். அதே இன்னது பட்டும் கெடாமல் இருப்பது எது என்று தேடுங்கள்.