புகைக்குள் ஒரு பலசரக்குக் கடை

என் அடுப்பில் உலை இல்லை, சட்டி இல்லை. ஆனாலும் அது காலையிலிருந்து எரிந்துகொண்டிருக்கிறது. நடுவில் எழுந்துபோய் ஒரு விறகைத் தள்ளிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். போடியில் இருக்கும் பிள்ளைகளே, நீங்கள் பார்த்தால் இந்த மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதென்று சிரிப்பீர்கள். சோறு ஆக்காத அடுப்பில் யாராவது விறகைப் போடுவார்களா? இங்கே மலைமேல், உடும்பஞ்சோலைப் பக்கத்தில் போடுகிறார்கள். மழைக்காலம் முழுக்க அடுப்பு அணையக் கூடாது என்பது இந்த ஊரின் வழக்கம். அதன் காரணம் தெரியாமல் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் பெரியவர்களிடம் கேட்டுத் திருத்திப் படியுங்கள்.

ஏலக்காட்டு வேலைக்கு நம் பக்கத்து ஜனங்கள் ஏறி வருகிறார்கள், அவர்களுக்கு உப்பும் மிளகாயும் விற்க ஒரு கடை இல்லை என்று கேள்விப்பட்டுத்தான் மலை ஏறினேன். சரக்கு வாங்குவதற்காகக் கட்டிலை விற்றோம், பித்தளைப் பாத்திரங்களை விற்றோம். எங்களுக்கென்று மிஞ்சியது ஒரு மரப்பெட்டி, இரண்டு சட்டி, ஒரு பாய், ஒரு கம்பளி, உடுத்த மாற்றுத்துணி. தலைச்சுமைக்காரர்கள் மூட்டைகளோடு முன்னே போக, நானும் என் மனைவி பாத்திமாவும் மகள் ஜமீலாவும் பின்னால் நடந்தோம். மலையுச்சிக் கணவாயான மெட்டைத் தாண்டினால் வேறு ராஜ்யம், மலையாளச் சீமை. அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. சாமான் குறைவாக இருந்தது அன்றைக்கு நல்லதாகவே பட்டது. தூக்கிக்கொண்டு ஏற வேண்டாமே.

வாடகைக்குக் கிடைத்த குடிசை உள்ளெல்லாம் கரி பிடித்துக் கிடந்தது. பாத்திமா முகம் சுளித்தாள். அரிசியிலும் பருப்பிலும் புகைவாடை ஏறினால் எவன் வாங்குவான்? நம் ஊர் வழக்கப்படி அடுப்பை வெளியே ஒரு சாய்ப்புக்கு மாற்றினேன். கூரை முகட்டில் இரண்டு இடத்தில் புல்லைப் பிரித்துப் புகைபோக்கி வைத்தேன். கரியைச் சுரண்டிச் சுவரை மெழுகினோம். மீனச்சில் பக்கத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய பாப்பச்சன் சேட்டன்தான் எங்களுக்கு அடுத்த வீடு. அவர் வந்து கூரையை அண்ணாந்து பார்த்து, "அய்யோ, இது எந்து பணியா ராவுத்தரே?" என்று கேட்டார். இது என்ன வேலை என்று அவர் பதறியதை, என் கைவேலையை மெச்சுகிறார் என்று நினைத்து உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தேன். அவரும் குடித்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

ஆடி பிறந்தது. நம் ஊரில் மழை என்றால் கதவைச் சாத்திவிட்டால் தீர்ந்தது. இங்கே சாத்திய கதவுக்கு உள்ளேயும் மேகம் வந்து உட்கார்ந்தது. ஒருநாள் காலை உப்பு மூட்டைக்கு அடியிலிருந்து தண்ணீர் வாசலைப் பார்த்து ஓடியது. மழைத்தண்ணீர் என்று ஜமீலா அதில் காலை அளைந்து விளையாடினாள். விரலை நக்கிப் பார்த்துவிட்டு, "அத்தா, கரிக்குது" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். மூட்டை பாதியாகச் சப்பிக் கிடந்தது. மிளகாயில் வெள்ளை பூத்திருந்தது. வெல்லம் கையோடு ஒட்டி வந்தது. எங்கள் கட்டிலும் பித்தளையும் அந்த வாசல் வழியாக ஓடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. பாத்திமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பாப்பச்சன் சேட்டன் வந்தார். "புக போயால் எல்லாம் போயி, ராவுத்தரே. தீ அகத்து வேணம்" என்றார். அப்போதுதான் புரிந்தது. இந்த மலையில் சரக்கைக் காப்பது கதவல்ல, புகை. அவரே ஏறி முகட்டை அடைத்தார். அடுப்பு உள்ளே வந்தது. அதற்கு மேலே பரண் கட்டி மூட்டைகளை ஏற்றினோம். மிச்ச உப்புக்கு மரப்பெட்டி போயிற்று. துணிகள் கொடியில் தொங்கின. பருப்பு மூட்டைக்குக் கம்பளி போயிற்று.

"கடைக்குள்ள நாம குடியிருக்கோமா, இல்ல சாமானோட சாமானா நம்மளயும் அடுக்கி வச்சிருக்கீங்களா?" என்றாள் பாத்திமா.

"நம்மள யாரும் வாங்க மாட்டாங்க. பயப்படாத."

அவள் சிரிக்கவில்லை. ஜமீலாவுக்கு இருமல் தொடங்கியிருந்தது. சில நாளில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் உள்ளே போய் வரும். முகட்டைத் திறந்தால் பிள்ளை தூங்கினாள். விடிந்து பார்த்தால் சரக்கு நமுத்திருக்கும். மூடினால் சரக்கு காய்ந்தது. பிள்ளை மூச்சுக்குத் தவித்தாள். இரண்டையும் காப்பாற்ற அந்த ஒற்றை அறையில் இடமில்லை.

"கடைய மூடிட்டு எல்லாருமே எறங்கிருவமா?" என்று கேட்டேன்.

"எறங்கி? படுக்கக் கட்டில் இருக்கா, ஆக்கப் பாத்திரம் இருக்கா? எங்க அண்ணன் ஊட்டுல எத்தன நாளைக்கு மூணு பேர் ஒக்காந்து திங்கிறது? நான் பிள்ளையக் கொண்டு போறேன். நீங்க இருங்க."

சுமைக்காரர் ஒருவர் முதுகில் பிள்ளையைக் கட்டி அனுப்பினேன். பாத்திமா ஒரு சேலையோடு பின்னால் போனாள். சட்டியில் ஒன்றை எடுத்துப் போகச் சொன்னேன். "கடைக்கு ஆகும், வைங்க" என்று போய்விட்டாள்.

இப்போது ஏலக்காய் பறிப்பு தொடங்கிவிட்டது. ஜனங்கள் வருகிறார்கள். என் உப்பு காய்ந்திருக்கிறது என்று தூரத்துத் தோட்டத்திலிருந்தும் தேடி வருகிறார்கள். கடை பிழைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

அடுப்பைப் பாப்பச்சன் சேட்டனிடம் ஒப்படைத்துவிட்டு, முதல் தடவை பிள்ளையைப் பார்க்க மச்சான் வீட்டுக்கு இறங்கினபோது ஜமீலா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட சற்று நேரத்தில் இருமல் பிடித்தது, பிறகு இழுப்பு. பாத்திமா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, "சட்டையக் கழத்துங்க, அதுல ஏறியிருக்கிற புகைதான்" என்றாள். எத்தனை துவைத்தும் அந்த வாடை போகவில்லை. அதிலிருந்து என் உடுப்பை வெளியே வேலியில் போட்டுவிட்டு, கிணற்றடியில் குளித்து, மச்சானுடைய கைலியைக் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் போகிறேன்.

"மேல முதலாளின்னு சொல்றாங்க, இங்க வந்தா எங் கைலியத்தான் உருவுறீங்க" என்று மச்சான் கேலி செய்கிறார். நானும் சிரித்து வைக்கிறேன். இரவல் துணியில்தான் என் பிள்ளை என் மடியில் உட்கார முடிகிறது.

போன தடவை அவள் கேட்டாள்: "அத்தா, எப்ப நம்ம ஊட்டுக்குப் போறது?"

அவள் எந்த வீட்டைச் சொல்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் மெட்டு ஏற வேண்டும். வேலிக்குப் போய்க் கைலியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, என் உடுப்பைப் போட்டேன். அதைப் போட்ட பிறகு வாசல்படி ஏற முடியாது. அவள் நிலைப்படிக்கு உள்ளே நின்று கையாட்டினாள். நான் தெருவில் நின்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, கையாட்டினேன்.