ஜுரம் என்று எழுதினேன்

பக்கத்து அறையில் மகள் லீவ் லெட்டரை உரக்க மனப்பாடம் செய்கிறாள். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்." 

ஆறாம் வகுப்பில் எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வரி அது. அப்பா இறந்த காலையில், வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருக்க, "இஸ்கூலுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா, பேரை அடிச்சிடப் போறாங்க" என்றார் சித்தப்பா. சாவை இங்கிலீஷில் எப்படி எழுதுவது, யாரைக் கேட்பது? ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்க, ஜுரம் என்றே எழுதினேன். சித்தப்பா அதைப் பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

எங்கள் அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து அந்த டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனது நான் ஒருத்திதான். காரியம் முடிந்து நான் வகுப்புக்குப் போனதும் டீச்சர் சிரித்தார்.

"இன்னாடி, ஜுரம் போச்சா?"

"போச்சு டீச்சர்."

ஒரு தப்பும் இல்லாமல் எழுதியிருக்கிறேன் என்று என் லெட்டரை வகுப்பில் படித்துக் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். அதற்கு மேல் எப்படி வாயைத் திறப்பது? அந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்தும் வரை, அந்த வகுப்பில் என் அப்பா உயிரோடுதான் இருந்தார்.

மகள் மறுபடியும் அதே வரியைச் சொன்னாள். ஓடிப்போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. பரீட்சைக்குப் படிக்கிறேன்."

"சரிடி. உங்கப்பா ஆட்டோ எங்க இருக்குதுன்னு ஒரு போன் போடு."

"இப்பத்தானம்மா செங்கம் ரோட்ல சவாரி இறக்குறேன்னு பேசினாரு?"

"பரவால்ல, இன்னொரு வாட்டி போடு."