கண் கேம்பில் நாங்கள் பாஸ் ஆன கதை

எனக்குச் சந்தேக புத்தி. யாராவது எதையாவது சும்மா கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு மேடம்" என்று போன் பண்ணியவனை ஒருநாள் அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்து, அவனே போனை வைக்கும்படி செய்தேன். மரக்காணத்து உப்பளத்தில் பதினைந்து வருஷம் கூடை சுமந்தவளுக்கு இந்தப் புத்தி வராமல் இருந்தால்தான் அதிசயம்.

அங்கே யாருக்கும் வேலை நிரந்தரம் இல்லை. ஓனரை நாங்கள் பார்த்ததே கிடையாது. சென்னையில் இருக்கிறார் என்பார்கள், பாண்டிச்சேரி என்பார்கள். எங்களுக்கு எல்லாமே மேஸ்திரிதான். காலையில் அவர் கை காட்டுகிறவள் கூடையைத் தூக்கலாம், காட்டாதவள் வீட்டுக்குப் போகலாம். ஏன் என்று கேட்கிற வழக்கம் இல்லை. அதனால் காய்ச்சல் என்றாலும் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து நிற்போம். முழங்கால் வலியைப் பற்றி மூச்சு விட மாட்டோம். எதைச் சொன்னாலும் கண் மங்குவதை மட்டும் சொல்லவே மாட்டோம். தலைச்சுமையோடு வரப்பில் தடுமாறுகிறவள் பாத்தியை மிதித்து உப்பைச் சேறாக்கிவிடுவாள் என்று அவளைத்தான் முதலில் நிறுத்துவார்கள்.

அந்த வெள்ளையில் நாள் முழுக்க நின்றால் யாருக்குத்தான் கண் நன்றாக இருக்கும்? கறுப்புக் கண்ணாடி போடலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆண்கள் போடுவார்கள். ஒரு பொம்பளை கூலிங் கிளாஸோடு வந்தால் வெயிலுக்குப் போட்டிருக்கிறாள் என்று எங்கள் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். யாரைப் பார்க்கப் போட்டிருக்கிறாள் என்றுதான் கேட்பார்கள்.

என் அண்ணியும் என்னோடுதான் சுமந்தாள். அண்ணன் சென்னையில் டைல்ஸ் வேலை, மாதம் ஒருமுறை வருவான். அண்ணியின் வலது கண்ணில் மூக்குப் பக்கத்திலிருந்து சிவப்பாகச் சதை வளர்ந்துகொண்டு வந்தது. வரப்பில் நான் முன்னால் போவேன், அவள் என் குதிகாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவாள். அண்ணனுக்குக்கூட இது தெரியாது.

இப்படியிருக்கையில் ஒருநாள் மேஸ்திரி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். "ஸ்கூல்ல ஃப்ரீ கண் கேம்ப் போடறாங்கம்மா. ரெண்டு நாள். பாதிப் பேரு நாளைக்கு, மிச்சம் பேரு மறுநாளு. எல்லாரும் கண்டிப்பா போவணும்."

தண்ணீர் குடிக்கப் போனாலே வாட்சைப் பார்க்கிற மனுஷன். இவருக்கு எங்கள் கண்மேல் என்ன திடீர்க் கரிசனம்? எனக்கு அப்போதே உறுத்தியது. அந்த வருஷம்தான் உப்பு அள்ளிப் போட மெஷின் வரப்போகிறது, பாதி ஆள் போதும் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

முதல் நாள் நான் போனேன். பள்ளிக்கூட வகுப்பறையில் சுவரில் ஒரு அட்டை. எழுத்துத் தெரியாதவர்களுக்காக, மூன்று காலோடு ஒரு முக்காலியைப் படுக்கப் போட்டாற்போல ஒரே குறி, பெரிதிலிருந்து சிறிதாக. கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். எனக்குக் கண்ணில் கோளாறில்லை, கடகடவென்று காட்டிவிட்டேன். ஆனால் என் பார்வை அட்டையில் நிற்கவில்லை. ரிஜிஸ்டரில் பெயரையும் பார்வையையும் எழுதுகிற பெண்ணுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் டீ குடிக்க எழுந்துபோன நேரம், அவர் அந்த ரிஜிஸ்டரைப் போனில் போட்டோ எடுத்தார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

இன்னொருத்தியைக் கூட்டி வருவதுபோல வரிசைக்குத் திரும்பிப் போய், ஜன்னல் வழியாக அட்டையை மனப்பாடம் செய்தேன். வலது, இடது என்றால் எங்கள் பெண்களுக்குக் குழம்பும். அட்டையைப் பார்த்து நின்றால் ஒரு கை கடல் பக்கம், இன்னொரு கை ரோட்டுப் பக்கம். அதனால் இப்படி வைத்துக்கொண்டேன்: கடல், தரை, ரோடு, ரோடு, வானம், கடல். அதற்குக் கீழேயும் இரண்டு வரிசை.

சாயங்காலம் மறுநாள் போக வேண்டிய பெண்களை எங்கள் வீட்டுக்குப் பின்னால் சேர்த்தேன். கண் மங்கியவளைக் கண்டுபிடித்து நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு என்று சொன்னேன். எல்லோருக்கும் திக்கென்றது. அப்புறம் பாடம் நடந்தது. நான் சொல்ல, அவர்கள் கையை நீட்ட, தப்பினால் சிரிப்பு. அண்ணிதான் எல்லோரையும்விட வேகமாகக் கற்றுக்கொண்டாள். அவளுக்குத்தான் அவசியமும் அதிகம். இரண்டு பேர் மட்டும் கலந்துகொள்ளவில்லை. "கண்ணு தெரியலன்னா தெரியலன்னுதானே சொல்லணும்? டாக்டர்கிட்ட போயி பொய் சொல்லுவாங்களா?" என்று கேட்டாள் அதில் மூத்தவள். உப்பளத்தில் இத்தனை வருஷம் இருந்தும் இவளுக்குப் புத்தி வரவில்லையே என்று நினைத்தேன்.

மறுநாள் அண்ணி அசராமல் நின்று கையைக் காட்டினாளாம். கண்ணைச் சுருக்கக்கூட இல்லையாம். அட்டையைக் காட்டியவனுக்கு அவசரம், பின்னால் நூறு பேர். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டதற்கு உப்புத் தூசி என்று சொல்லிவிட்டாள். சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாஸாயிட்டேன் பாப்பா" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கலந்துகொள்ளாத அந்த இரண்டு பேரையும் வேனில் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து கொண்டுவந்து விட்டார்கள். ஆறு வாரம் கழித்து வேலைக்கு வந்தபோது மேஸ்திரியின் கை அவர்கள் பக்கம் நீளவில்லை. "ரெஸ்ட் எடும்மா, கண்ணு முக்கியம்" என்றார் சிரித்துக்கொண்டே. அடுத்த நாளும் அதே சிரிப்பு. அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

தெருவில் என் மதிப்பு ஏறியது. "நீ சொல்லலன்னா நாங்களும் வீட்லதான்" என்று பெண்கள் வழியில் நிறுத்திச் சொன்னார்கள். நானும் ஏதோ பெரிய ஆள்போல் தலையை ஆட்டிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம்போல இருக்கிறது.

அடுத்த சீசனில் நான் முன்னால் நடந்தும் அண்ணியால் ஈடுகொடுக்க முடியவில்லை. சதை கருவிழிமேல் ஏறியிருந்தது. ஒருநாள் காலையில் கூடையோடு தடுமாறிப் பாத்திக்குள் இறங்கிவிட்டாள். மேஸ்திரி வந்து பார்த்தார். ரிஜிஸ்டர், போட்டோ எதுவும் தேவைப்படவில்லை. மறுநாள் முதல் அவளுக்கு வேலை இல்லை. ஆபரேஷன் செய்துகொண்ட அந்த மூத்தவளோ அதற்குள் ஆரோவில் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் பெட்ஷீட் மாற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

அண்ணியை நான்தான் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சதையை எடுத்துவிடலாம், ஆனால் கருவிழியில் தழும்பு நிற்கும், பழைய பார்வை வராது என்றார். "போன வருஷமே வந்திருந்தா முழுசா காப்பாத்தியிருக்கலாமே. உங்க ஊர்லயே நாங்க கேம்ப் போட்டோமே, வரலையா?"

அண்ணி என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் அன்னிக்கு ஊர்ல இல்லைங்க" என்றாள் அண்ணி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்காக ஏன் அண்ணி பொய் சொன்னீங்க? நடந்ததைச் சொல்லியிருந்தா அவங்க இன்னும் நல்லா பார்த்திருப்பாங்க இல்ல?"

அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

"உனக்காகன்னு யாரு சொன்னா? அந்தம்மா எல்லாத்தையும் எழுதிக்கினே இருந்துச்சு. அது யாரு கைக்குப் போவுமோ? நீதானே பாப்பா சொல்லிக் குடுத்த."

அவள் குரலில் கோபமே இல்லை. தனக்கு நல்லது செய்தவளிடம் பேசுவதுபோலத்தான் சொன்னாள். கூனிமேடு தாண்டியும் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.