மாடு இல்லாத வீட்டுக்கு உண்ணிக் காய்ச்சல்

காய்ச்சலுக்குப் பெயர் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. அந்தப் பெயரை வீட்டாரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வது நர்ஸ் வேலை. பெரும்பாறைப் பக்கம் மலைச்சரிவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிப் பிழைக்கிற யாருக்கும் இந்தக் கஷ்டம் தெரியாமல் இருக்காது.

இல்லாத ஆட்டுக்குட்டி

காப்பிப் பழம் பறிக்கிற செல்வராணியை அவள் கணவர் வீரமணி கூட்டி வந்தார். ஐந்து நாளாகக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. உண்ணிக் காய்ச்சலாகத்தான் இருக்கும், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் இன்றே மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள் என்றார் டாக்டர். பூச்சி கடித்த இடத்தில் கருப்பாக ஒரு பொருக்கு இருக்கும். அதைத் தேட அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனேன். கையைக் காட்டினாள், காலைக் காட்டினாள், சேலையைத் தளர்த்த மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். வெளியே நல்ல கூட்டம். நானும் விட்டுவிட்டேன்.

மாத்திரையை வீரமணியிடம் கொடுத்து, "உண்ணிக் காய்ச்சலுக்குண்ணே, வேளை தவறாமக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவர் நகரவில்லை. முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"மாடு கன்னு வச்சிருக்கவங்க வீட்ல போயிச் சொல்லுங்க சிஸ்டர். எங்க வீட்ல ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கெடையாது."

மூன்று பெயர்கள்

மதியச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். எங்கள் டாக்டருக்கு இப்படி ஒன்று கிடைத்தால் போதும், சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாது. ஆங்கிலத்தில் ஸ்க்ரப் டைஃபஸ். ஸ்க்ரப் என்றால் புதர்க்காடு. டைஃபஸ் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. புகை, மூட்டம் என்று அர்த்தம். காய்ச்சல் முற்றினால் புத்தியில் புகை மூடிவிடுமாம். ஜப்பானியர்கள் ட்சுட்சுகாமுஷி என்கிறார்கள், அதாவது நோய் கொடுக்கும் பூச்சி.

கடிப்பது புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சிக்குஞ்சு. மாட்டில் ஒட்டுகிற உண்ணி வேறு. மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நம் பெயர்தான் தேவையில்லாமல் மாட்டை உள்ளே இழுக்கிறது என்றார். மருந்து கொடுக்கிற ராஜாமணி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்:

"மூணு ஊர்க்காரனும் பேரு வச்சிருக்கான் சார், மாத்திரைய முழுங்க வைக்கிற மாதிரி ஒருத்தனாச்சும் வச்சானா?"

பிரிக்காத அட்டை

இரண்டு நாள் கழித்து வரச் சொல்லியிருந்தோம். செல்வராணி வரவில்லை. வீரமணியின் போனும் கிடைக்கவில்லை. மனசு கேட்காமல் எஸ்டேட் ஜீப்பில் தொற்றிக்கொண்டு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைனில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாயில் கிடந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. யாருடனோ பழம் பறித்துக்கொண்டிருப்பது போல ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். கிரேக்கர்கள் சொன்ன புகையை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

சேலையைத் தளர்த்திப் பார்த்தால், பழம் போடுகிற சாக்கை இறுக்கிக் கட்டுகிற இடுப்பு மடிப்பில், பீடி நெருப்புச் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு. அலமாரியில் மாத்திரை அட்டை நான் கொடுத்தபடியே இருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. கோபத்தில் கத்திவிட்டேன். வீரமணி அழுதுகொண்டே சொன்னார்:

"உண்ணிக்கு மாட்டு மேல ஊத்துற மருந்து வெசம்ல சிஸ்டர், அத மனுசிக்குக் குடுக்காதேன்னு லைனே சொல்லுச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு."

பழி

ஆம்புலன்ஸில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வளைவுக்கு வளைவு அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டே போனேன். படிக்காதவர் மேல் தப்பில்லை, பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்ட என் மேல்தான் தப்பு என்று அந்த வழியெல்லாம் உறுத்தியது. நான்காம் நாள்தான் அவளுக்குப் புருஷனை அடையாளம் தெரிந்ததாம்.

மூன்று வாரம் கழித்து வெள்ளனே வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பூச்சி எங்கே இருக்கும், எப்படிக் கடிக்கும், வேலைக்குப் போகும்போது எப்படி உடுத்த வேண்டும், வந்ததும் ஏன் குளிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"செடிக்குள்ள கெடக்குற பூச்சின்னு அன்னிக்கே சொல்லியிருந்தா எங்க வீட்டுக்காரரே வாயில போட்டு விட்டுருப்பாருக்கா. நீங்க மாட்ட இழுத்துவிட்டுட்டு, அவரப் போயித் திட்டுனீங்களாம்ல?"

இப்போதெல்லாம் ரிஜிஸ்டரில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறேன், வாயால் செடிக் காய்ச்சல் என்று சொல்கிறேன், முதல் மாத்திரையை மட்டும் என் கண் முன்னாலேயே விழுங்க வைக்கிறேன்.