மணப்பாறை வேண்டாம்னு சொன்ன நாள்

அந்த ஆளு எம்.எல்.ஏ. ஆகறதுக்கு முன்னாடி இருபது வருஷம் எங்க தெரு முனையில மளிகைக்கடை வச்சிருந்தார். எந்தத் தொகுதி, எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். கடை ஸ்ரீரங்கத்துல, ஜெயிச்சது வேற இடத்துல, அவ்வளவு போதும். அவர் இவர்னு மரியாதை கொடுத்துப் பேசறது கூட என் வளர்ப்புக்காகத்தான், அவருக்காக இல்லை.

கடையில அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்லாவுல உக்காந்து 'இல்லை'ங்கற வார்த்தையைச் சொல்ல மாட்டார். சொன்னா வியாபாரத்துக்கு ஆகாதாம். பெருங்காயம் இருக்கான்னு கேட்டா, டப்பா காலியா இருந்தாலும் "இருங்க, வருது"ம்பார். பின்வாசல் வழியா ஆளை அனுப்பி அடுத்த கடையில வாங்கி, விலையைக் கொஞ்சம் ஏத்தி நம்ம கையில கொடுப்பார். நாங்களும், எதைக் கேட்டாலும் இருக்கே இந்தக் கடையிலன்னு மெச்சிக்குவோம். முட்டாள்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

பதவி வந்தா ஆள் மாறிடுவாங்கன்னு சொல்லுவாங்க. இவர் மாறவே இல்லை, அதுதான் கொடுமை. தில்லைநகர் பக்கம் ஆபீஸ் போட்டார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டுல தலைவர் படம், வாசல்ல பெரிய கார். ஆனா உக்காந்தது என்னவோ அதே கல்லாவுலதான். ரோடு வேணுமா? ஆயிடும், போங்க. பட்டாவா? ஆயிடும். பொண்ணுக்கு வேலையா? அதுவும் ஆயிடும். மனுவை வாங்கி நெத்தியில ஒத்திக்கிட்டு, பக்கத்துல நிக்கற உதவியாளர்கிட்ட நீட்டுவார். அவர் அதை ஒரு துணிப்பையில போடுவார். அந்தப் பை எங்க போகுதுன்னு பெருமாளுக்கே வெளிச்சம். சட்டசபையில இவர் வாயைத் திறந்து நான் பார்த்தது ஒரே தடவை, டிவியில, கொட்டாவி விட்டப்போ.

இப்படிப்பட்டவர்கிட்ட நான் ஏன் போனேன்னா, என் தங்கைக்காக. அவ கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில டீச்சர். அவ வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துடுச்சு, பேச்சும் குழறும். குழந்தைங்க கிடையாது. அதனால அவரை நான் ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிட்டு வந்து எங்க வீட்டுலயே வச்சுக்கிட்டேன். தங்கை வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும் பஸ் ஏறுவா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் திரும்பிப் போவா. அவ செருப்பு மாட்டற சத்தம் கேட்டா அவர் முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்குவார். இந்தப் பக்கம் அவளுக்கு ட்ரான்ஸ்ஃபர் கிடைச்சாகணும், அவர் இருக்கற வரைக்குமாவது அவ கூட இருக்கணும். வேற ஒண்ணும் நாங்க கேக்கல.

சால்வையும் எலுமிச்சம்பழமுமா நான்தான் போய் நின்னேன். "அட, நம்ம கடைக்கு வர்ற அம்மாவாச்சே! ஸ்ரீரங்கத்துலயே போட்டுடலாம். வீட்டுலேருந்து நடந்தே போகட்டும்"னார். அடுத்த வாரம் ட்ரான்ஸ்ஃபர் கவுன்சிலிங் வருதே அண்ணே, வேற இடம் காட்டினா என்ன பண்றதுன்னு கேட்டேன். "எதையும் எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. எடுத்துட்டா அப்புறம் மாத்தறது கஷ்டம். நான் சொல்றேன்ல?"

கவுன்சிலிங் அன்னிக்கு தங்கை போன் பண்ணினா. "அக்கா, மணப்பாறையில ஒரு இடம் காட்டுது. தினம் பஸ்ல வந்து போயிடலாம்க்கா. எடுத்துக்கட்டுமா? சீக்கிரம் சொல்லு, பின்னாடி ஆள் நிக்கறாங்க."

"வேண்டாம்னு சொல்லிடு. ஸ்ரீரங்கமே வருது."

"நிச்சயமாக்கா?"

"எம்.எல்.ஏ.வே சொல்லியிருக்கார்டி. பேசாம வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வா."

எழுதிக் கொடுத்தா. அவளுக்குப் பின்னாடி நின்ன அம்மா மணப்பாறையை எடுத்துக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் நாலு மாசம் தில்லைநகருக்கு நடையா நடந்தேன். போறப்பெல்லாம் காபி கொடுத்து, ஆயிடும்னு அனுப்பினார். ஒரு நாள் அந்த உதவியாளருக்கே மனசு கேக்கல போலிருக்கு. என்னை மாடிப்படி பக்கம் கூப்பிட்டு, "அம்மா, உங்க மனு பையிலதான் இருக்கு. அவர் எதையுமே மேல அனுப்பறதில்லை. அனுப்பினா முடியாதுன்னு பதில் வந்துடுமேங்கறார்"னார்.

நேரா உள்ள போய் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டேன். அந்த மனுஷன் முகம் கொஞ்சம்கூட மாறல, கோபமும் வரல. "நான் எப்பம்மா முடியாதுன்னு சொன்னேன்?"னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். த்தூ, இதெல்லாம் ஒரு பிறவி! கடையில இருந்தப்பவாவது ஆளை அனுப்பிப் பக்கத்துக் கடையிலேருந்து சாமான் வந்தது. இங்க பக்கத்துக் கடை ஏது?

ஆடி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில தங்கை வீட்டுக்காரர் போயிட்டார். கஞ்சி ஊட்டிக்கிட்டிருந்தேன், ரெண்டாவது கரண்டி உள்ள இறங்கல. தங்கை அப்போ கிளாஸ்ல இருந்தா. வந்து சேர சாயங்காலம் ஆயிடுச்சு. அதுவரைக்கும் அவரைக் கூடத்துல கிடத்தி, நான் மட்டும் பக்கத்துல உக்காந்திருந்தேன்.

மறுநாள் எம்.எல்.ஏ. வந்தார். ரெண்டு கார், ஒரு ரோஜா மாலை, போட்டோ எடுக்க ஒரு ஆள். போட்டோ எடுத்து முடிஞ்சதும் தங்கை பக்கம் குனிஞ்சு, "ட்ரான்ஸ்ஃபர் விஷயம் ஞாபகத்துல இருக்கும்மா"ன்னார். சாவு வீட்டுலங்க! சத்தியமா நான் விளக்குமாத்தைத் தேடினேன். தங்கை தலையைத் தூக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிஞ்சு அவ பையில துணி மடிச்சு வச்சுக்கிட்டிருந்தா. நான் பக்கத்துல நின்னு அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டிருந்தேன். நாசமாப் போவான், விளங்க மாட்டான்னு. அவ மடிக்கறதை நிறுத்தினா.

"அவரை விடுக்கா. அவர் யாரு நமக்கு? நீ ஏன்க்கா அன்னிக்கு வேண்டாம்னு சொல்லச் சொன்னே?"

நான் கொடியில கிடந்த அவ புடவையை எடுத்து மடிக்க ஆரம்பிச்சேன். காரணம் தெரியாம இல்லை. மணப்பாறைன்னா அது அவ சர்வீசுக்கு அவளுக்குக் கிடைச்ச இடம். ஸ்ரீரங்கம்னா நான் வாங்கிக் கொடுத்த இடம். என் பேச்சுக்கு எம்.எல்.ஏ. செஞ்சார்னு தெருவுல நாலு பேர்கிட்ட சொல்லிக்க எனக்கு அவ்வளவு ஆசையா இருந்தது. இதை அவகிட்ட நான் இன்னும் சொல்லல.