ரிசீவ்டு சீல் விழுந்த வாக்குச்சீட்டு

வளைகுடாவில், ராஸ் லஃபானில் ஒரு எரிவாயுத் திட்டத்தில் நான் டாக்குமென்ட் கன்ட்ரோலராக இருந்தேன். பெயரைக் கேட்டு ஊரில் பெரிய உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுத்ததில்லை. வேலை இதுதான்: வெளியிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் உறையைக் கிழிக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் 'ரிசீவ்டு' என்ற சீலைக் குத்தித் தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும், மூன்று பிரதி எடுத்து மூன்று மேசைகளுக்கு அனுப்ப வேண்டும். சீல் குத்தாத காகிதம் இந்த உலகத்துக்கு வந்து சேரவே இல்லை என்பது எங்கள் மதம். ஆறு வருடத்தில் என் கை அந்த மதத்தில் நன்றாக ஊறிவிட்டது. தபால் மூட்டை வந்தால் வாய் பக்கத்து மேசைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும், கை தன் பாட்டுக்குக் குத்திக்கொண்டே போகும்.

அப்படித்தான் ஓர் அக்டோபர் மாதம், நோன்புக் காலத்தில், எங்கள் மேனேஜருடைய வாக்குச்சீட்டில் சீல் குத்தினேன்.

மேனேஜர் அமெரிக்கர். சோளம் விளையும் ஏதோ ஒரு நடு மாநிலத்துக்காரர். ஐம்பத்தைந்து வயது, தனியாள். குழாய் வெல்டிங்கைப் பற்றி மட்டும் பேசுவார், அதையும் குறைவாகப் பேசுவார். அவர் பெயருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு தடித்த உறை வந்திருந்தது. பம்பு விற்கிறவர்கள் இப்படித்தான் அனுப்புவார்கள் என்று கிழித்தேன். உள்ளே ஒரு புத்தகமும் நீளமான ஓர் அட்டையும் இருந்தன. அட்டையில் வரிசையாகச் சின்னச் சின்ன முட்டை வடிவங்கள். ஏதோ செக்லிஸ்ட் என்று நினைத்து, முட்டைகளின் மேலேயே சீலைக் குத்தி, சுருக்கொப்பம் போட்டு, 'தகவலுக்கு' என்ற கட்டத்தில் டிக் அடித்து, மூன்று பிரதிகளையும் அனுப்பிவிட்டேன். தரக்கட்டுப்பாட்டுக்காரர் தன் பிரதியைப் படித்துப் பார்த்து, 'கருத்து ஏதும் இல்லை' என்று எழுதித் திருப்பியும் அனுப்பிவிட்டார். அவரையும் சேர்த்துச் சொன்னால் என் பாவம் கொஞ்சம் குறையும்.

மேனேஜர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தபோது முகம் சுண்ணாம்பாக இருந்தது. திட்டவில்லை. அது என்ன என்று மட்டும் சொன்னார்: வெளிநாட்டில் இருப்பவர்கள் தபாலில் ஓட்டுப் போடும் சீட்டு. அந்த வருடம் அவர்கள் மாநிலத்தில் ஆளைத் தேர்ந்தெடுப்பதோடு சில கேள்விகளுக்கும் ஓட்டுப் போட வேண்டுமாம். வீட்டு வரிக்கு உச்சவரம்பு வைக்கலாமா என்பது ஒன்று. ஆணும் பெண்ணும் செய்வதுதான் கல்யாணம், வேறெதுவும் கல்யாணம் இல்லை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிடலாமா என்பது இன்னொன்று. கூட வந்த புத்தகத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஆதரித்து ஒரு பக்கம், எதிர்த்து ஒரு பக்கம். ஊர்த் தேர்தல் அலுவலகத்துக்கு அவர் போன் போட்டுக் கேட்டபோது, யாருடைய கையெழுத்தோ கிறுக்கலோ இருந்தால் சீட்டு செல்லாது, புதிதாக அனுப்புகிறோம் என்றார்களாம். அது தபாலில் வந்து, அதைப் பூர்த்திசெய்து திருப்பி அனுப்பி, அது நவம்பரில் தேர்தல் நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். இடையில் பெருநாள் விடுமுறை வேறு.

தோஹாவில், நஜ்மா பகுதியில் இருந்த எங்கள் ரூமில் அன்று மாலை இதைச் சொன்னேன். ரூமில் மூத்தவர் கீழக்கரைக்காரர், ஹார்டுவேர் கடையில் வேலை. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுவோம். நோன்பு திறந்துவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தவர், வரிக்கு வரம்பு வைக்கவா என்று ஜனங்களிடமே கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள் என்று சிரித்தார். வரியே இல்லாத நாட்டில் உட்கார்ந்துகொண்டு வரிக்காகக் கவலைப்படும் மனிதனைப் பார்க்க அவருக்கு ஆசையாக இருந்தது. கல்யாணக் கேள்வியைக் கேட்டதும் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரே ஓட்டுப் போடுதாக்கும்? நம்ம ஊருல சீட்டு கீட்டு ஒண்ணும் இல்லாமலே ஊரே கூடித்தானே தம்பி முடிவு பண்ணுது. அவங்க பரவால்ல, முடியாதுன்னு சொல்றவனுக்கும் ஒரு பக்கம் குடுத்திருக்காங்க."

அதைக் கேட்டதும் என் சொந்த ஓட்டு எனக்கு ஞாபகம் வந்தது. நான் வளைகுடாவுக்கு வந்த பிறகு ஊரில் எத்தனையோ தேர்தல் நடந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் என் தம்பி போனில், உன் ஓட்டையும் போட்டாச்சு என்று தகவல் சொல்வான். யாருக்கு என்று நானும் கேட்டதில்லை. இப்படிப்பட்ட ஜனநாயகவாதி ஒருவன் கையில்தான் அந்த அமெரிக்கச் சீட்டு அகப்பட்டது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினார். அந்த நாட்டில் அது சாத்திய கதவுக்குப் பின்னால் சொல்ல வேண்டிய விஷயம்தான். அவருக்கு ஒரே மகன். இன்னோர் ஆணோடு சேர்ந்து வாழ்கிறான். அதைக் கேள்விப்பட்ட நாளில் இவர் ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார். ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. போன மாதம் மகனிடமிருந்து ஒரே வரியில் மின்னஞ்சல் வந்திருக்கிறது: இந்த வருடம் ஓட்டு வருகிறது, முடியாது என்று போடுங்கள் அப்பா, வேறெதுவும் கேட்கவில்லை. ஓட்டை அனுப்பிவிட்டுப் பதில் எழுதலாம் என்று இவர் காத்திருந்திருக்கிறார். அப்போதுதான் என் சீல்.

எனக்கு அந்த மாதிரிக் கல்யாணத்தைப் பற்றி அப்போது யோசித்துப் பழக்கமில்லை. யோசித்திருந்தால் அவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லியிருப்பேன் என்று இப்போது பாசாங்கு செய்ய மாட்டேன். ஆனால் அப்பன் மகன் தகராறு எனக்குப் புரியும். என் அறிவுக்கு எட்டிய வழியையும் சொன்னேன். போட்டுவிட்டேன் என்று எழுதிவிடுங்களேன், பெட்டியைத் திறந்து யார் பார்க்கப் போகிறார்கள்?

"ஆறு வருஷம் கழித்து அவனிடம் முதலில் சொல்வது பொய்யாக இருக்கக் கூடாது" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தச் சீட்டு வந்து சேர்வது அன்றிலிருந்து என் பொறுப்பு என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் கம்பெனிக்குத் தபால் வருவது தோஹா தபால் நிலையத்தில் ஒரு பெட்டிக்கு. அதன் சாவி அரசு அலுவலகங்களுக்கு அலையும் சூடான்காரரிடம் இருந்தது. நோன்பில் அவர் வாரம் இரண்டு முறைதான் பெட்டியைத் திறப்பார். நான் தினமும் போன் செய்தேன். மூன்றாம் நாள் அவர், உனக்கு ஊரில் குழந்தை பிறக்கப் போகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன், விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது. பெருநாளுக்கு முந்திய கடைசி வேலை நாளில் டியூட்டி முடிந்து, நோன்பு திறக்கும் நேரத்துக்கு நேரே அவர் வீட்டுக்குப் போய்ச் சாவியை வாங்கினேன். குழந்தைக்காகக் கையேந்தி துஆ செய்து, ஒரு டப்பா பேரீச்சம்பழமும் சேர்த்துக் கொடுத்தார். இல்லாத குழந்தையின் பழத்தை வழியெல்லாம் நான்தான் தின்றேன். பெட்டியைத் திறந்தால் உறை இருந்தது. கை பழக்கத்தில் ஓரத்தைக் கிழிக்கப் போனது. இன்னொரு கையால் அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

டாக்ஸி பிடித்து மேனேஜரின் வில்லாவுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உடனே பேனாவை எடுத்தார். இரகசிய வாக்கெடுப்பு என்று மரியாதைக்காக நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆபீஸ் முழுக்கப் பிரதி அனுப்பியவனுக்கு இப்போது என்ன கூச்சம், இப்படி உட்கார் என்றார். வரிக் கேள்விக்குப் புத்தகத்தை விரித்து இரண்டு தரப்பையும் படித்து, கணக்குப் போட்டு, தாடையைச் சொறிந்து, பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு, வரம்பு வேண்டும் என்று போட்டார். கல்யாணக் கேள்விக்குப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. 'முடியாது' என்ற முட்டையை நிரப்பிப் பேனாவை மூடினார். கூரியர் கடை சாத்துவதற்கு முன் போய் இருவருமாக அனுப்பிவிட்டு வந்தோம். அன்றிரவே மகனுக்குப் பதில் எழுதினாராம், தன் மொபைல் நம்பரோடு.

நவம்பரில் ஒரு புதன்கிழமை காலை முடிவு வந்தது. சீட்டு போய்ச் சேர்ந்திருந்தது. கல்யாணத் தடை ஜெயித்துவிட்டது. வரி வரம்பு தோற்றுவிட்டது. மனிதர் இரண்டிலும் தோற்றிருந்தார். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். இத்தனை ஓட்டமும் வீண் என்று நினைத்தேன். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே கிளம்பும்போது அவருடைய மொபைல் அடித்தது.

பேச்சில் பாதிதான் எனக்குக் கேட்டது. ஆமாம், போட்டேன் என்றார். வருத்தமாக இருக்கிறது என்றார். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"லீவு எப்போது என்று கேட்கிறான்" என்றார்.

வளைகுடாவில் இருக்கும் எங்களுக்கெல்லாம் சலித்துப்போன கேள்வி அது. ஒவ்வொரு போனிலும் அம்மா கேட்பாள், மனைவி கேட்பாள், எதிர்வீட்டுக்காரர் போனைப் பிடுங்கிக் கேட்பார். எத்தனையோ நாள் நான் எரிந்து விழுந்திருக்கிறேன். இந்த மனிதரை ஆறு வருடமாக ஒருவரும் கேட்டதில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. லீவு வந்தால் பாங்காக் போவார், சில வருடம் லீவே எடுக்க மாட்டார்.

லீவு படிவத்தை எடுத்து வந்து நானே நிரப்பினேன். போகும் இடம் என்ற கட்டத்துக்கு, மகன் இருக்கும் ஊரின் பெயரை அவர் எழுத்து எழுத்தாகச் சொன்னார். எத்தனை நாள் எழுத என்று கேட்டேன்.

"அவன் என்னை எத்தனை நாள் தாங்குவான் என்று தெரியவில்லை. ஒரு வாரம் என்று போடு" என்றார்.

நான் முப்பது நாள் என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்தார். அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.