ரொட்டிக்காரரின் படம்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஓர் ஆப்கான் ரொட்டிக்கடை. அடுப்புக்குள்ளிருந்து முழங்கை நீள ரொட்டியைக் கம்பியால் இழுப்பவரைப் படம் எடுத்து, ஒரு வாய் தின்பதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிவிடுகிறேன். நான் ஊர் சுற்றும் லட்சணம் அது.

"அண்ணை, படத்தை அழியுங்கோ."

ஆப்கான்காரர் வாயில் யாழ்ப்பாணத் தமிழ்! முன்பு மூன்று வருடம் தமிழ்க் கடையில் வேலை பார்த்தாராம்.

"ஏங்க, நல்லாத்தானே விழுந்திருக்கீங்க?"

"நான் காபூலில அமெரிக்கன் ஆமிக்கு மொழிபெயர்த்தனான். அவை விட்டிட்டுப் போயிட்டினம். தம்பி அங்கை ஒளிஞ்சு இருக்கிறான். தலிபான்காரர் என்ர முகத்தைக் கண்டால் அவனைப் பிடிப்பினம்."

அந்தப் போர் முடிந்துவிட்டது என்று டீக்கடையில் தீர்ப்பே சொன்னவன் நான். அவசரமாக அழிக்கிறேன். அதற்குள் மதுரையில் என் மச்சான் அதை ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார். போன் போட்டு எடுக்கச் சொல்கிறேன்.

"எடுத்துட்டேன் மாப்ளே. ஆனா பதினேழு பேரு பாத்துட்டாங்க."

"ஆர் ஆர் பார்த்தவை?" என்கிறார் ரொட்டிக்காரர்.

ஸ்பீக்கரில் மச்சான் நினைவிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்ல, நான் ஒவ்வொருவருக்கும் ஜாமீன் நிற்கிறேன். பெரியப்பா. கேஸ் சிலிண்டர்காரர். ரிட்டையரான கணக்கு வாத்தியார், அவருக்குக் கண்ணே சரியாகத் தெரியாது. ரொட்டிக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுகிறார்.

"கடைசியா 'துபாய் பார்ட்டி'ன்னு ஒண்ணு," என்கிறார் மச்சான். "இது யாருன்னு எனக்கே ஞாபகம் வரலையே மாப்ளே."

அடுப்பில் ரொட்டி கருகுகிறது. ரொட்டிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.